பிரிண்ட் கொடுத்தால் ரீஸ்டார்ட், காலையில் டிஸ்ப்ளே இல்லை: ஃபார்மட் செய்துதான் ஆக வேண்டுமா?

கீழவீதி:

வணக்கம். திருவாரூர் மாவட்டத்தில் ஒரு சின்ன ஊரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆன்லைன் விண்ணப்பம், பிரிண்ட், ஸ்கேன் எல்லாமே ஒரே டெஸ்க்டாப்பில்தான். அசெம்பிள் செய்த மெஷின். இன்டெல் ஐ3 ஆறாம் தலைமுறை, 4 ஜிபி ரேம் இரண்டு, 1 டிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. வாங்கியதிலிருந்து உள்ளே எதையும் மாற்றவில்லை. தனி யுபிஎஸ் கிடையாது, கடைக்குப் போட்ட இன்வெர்ட்டரிலேயே ஓடுகிறது.

இப்போது மூன்று தொல்லைகள். முதலாவது, வேலை செய்துகொண்டிருக்கும்போதே பட்டென்று அணைந்து தானாக மறுபடி ஆன் ஆகிறது. நீலத் திரை எதுவும் வருவதில்லை. அடுத்தது, சில நாள் காலையில் ஆன் செய்தால் ஃபேன் சுற்றுகிறது, ஆனால் மானிட்டரில் ‘நோ சிக்னல்’. உள்ளேயிருந்து நீளமான பீப் சத்தம் விட்டு விட்டு வருகிறது. அணைத்து அணைத்துப் போட்டால் ஏதோ ஒரு தடவை வந்துவிடும். அப்படி வந்த நாட்களில் அரசு இணையதளம், வங்கி என்று எதுவுமே திறக்காது, ‘இணைப்பு பாதுகாப்பானது அல்ல’ என்று எச்சரிக்கை வருகிறது. அதே வைஃபையில் போனில் எல்லாம் திறக்கிறது.

சர்வீஸ் செய்பவர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு விண்டோஸ் கெட்டுவிட்டது, ஃபார்மட் செய்யலாம், அதிலும் சரியாகாவிட்டால் மதர்போர்டுதான் என்கிறார். விண்ணப்பங்கள் கடைசித் தேதி நெருங்கும் சமயம். ஃபார்மட்டுக்குச் சம்மதிப்பதற்கு முன் இங்கே கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன்.

பழைய பென்டியம்:

ஃபார்மட் வேண்டாம். இப்போதைக்கு யாரையும் அதில் கை வைக்க விடாதீர்கள்.

காரணம் சொல்கிறேன். பவர் பட்டனை அழுத்தியதும் முதலில் வேலை செய்வது மதர்போர்டில் இருக்கும் பயாஸ். அது பிராசஸர், ரேம், டிஸ்ப்ளே எல்லாவற்றையும் சோதித்து முடித்த பிறகுதான் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும் விண்டோஸைக் கூப்பிடும். உங்களுக்கு ‘நோ சிக்னல்’ வருவதும் பீப் ஒலிப்பதும் அந்தச் சோதனைக் கட்டத்தில். விண்டோஸ் அப்போது இன்னும் எழுந்திருக்கவே இல்லை. எழாத ஒன்றை அழித்து மறுபடி போட்டு என்ன பயன்?

நீங்கள் சொன்ன மூன்றும் ஒரே நோய் என்றும் எனக்குத் தோன்றவில்லை. தனித்தனியாகப் பார்ப்போம். எனக்கு மூன்று விஷயங்கள் தெரிய வேண்டும்.

தளங்கள் திறக்காத நாளில் வலது கீழ் மூலையில் தேதி என்ன காட்டுகிறது?

இரவு கடையைச் சாத்தும்போது மெயின் சுவிட்சையே அணைத்துவிடுவீர்களா?

பட்டென்று அணையும் நேரத்தில் கடையில் வேறு எது ஓடுகிறது? ஈபி கரண்ட் இருக்கும்போதா, இன்வெர்ட்டரில் ஓடும்போதா?

கடைசிக் கேள்விக்கு ஞாபகத்திலிருந்து சொல்ல வேண்டாம். ஒரு தாளை ஒட்டி வைத்து, அணையும்போதெல்லாம் நேரத்தையும் அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்பதையும் எழுதி வாருங்கள்.

பின்னிரவு:

அண்ணா சொல்வது சரி. கூடவே விண்டோஸே எழுதி வைத்திருக்கும் குறிப்பையும் பார்த்துவிடலாம். ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து ‘ஈவென்ட் வியூவர்’, அதில் ‘விண்டோஸ் லாக்ஸ்’, அதற்குள் ‘சிஸ்டம்’. சிவப்புக் குறியோடு ‘கெர்னல் பவர் 41’ என்று இருக்கும். அது ‘போன முறை முறையாக ஷட்டவுன் ஆகவில்லை’ என்று மட்டும்தான் சொல்கிறது. அதைப் பார்த்ததும் கெர்னல் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம்.

அதைத் திறந்து ‘டீடெய்ல்ஸ்’ பக்கத்தில் ‘பக்செக் கோட்’ என்ற வரியைப் பாருங்கள். அங்கே 0 இருந்தால் விண்டோஸ் எந்தப் பிழையையும் பதிவு செய்யவில்லை, அதற்கு நேரமே கிடைக்காமல் கரண்ட் போயிருக்கிறது என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். வேறு எண் இருந்தால் நீலத் திரை வந்திருக்கிறது, நீங்கள் பார்ப்பதற்குள் ரீஸ்டார்ட் ஆகிவிட்டது. அப்படியானால் டிரைவர், ரேம் என்று வேறு பாதையில் தேட வேண்டும்.

கீழவீதி:

எல்லோருக்கும் நன்றி. பதில்கள் இதோ.

தேதியை இதுவரை நான் கவனித்ததே இல்லை. இன்று காலை பார்த்தேன், 2016 ஜனவரி 1 என்று இருக்கிறது! இரவில் மெயினை அணைத்துவிட்டுத்தான் போவேன், பக்கத்துக் கடையில் ஒருமுறை வயர் எரிந்ததிலிருந்து அந்தப் பழக்கம்.

பக்செக் கோட் நான் திறந்து பார்த்த எல்லாவற்றிலும் 0.

தாளில் எழுதியதில் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. பெரும்பாலும் லேசர் பிரிண்டரில் பிரிண்ட் கொடுத்ததும், அது உறுமிச் சூடாகும் நேரத்தில் அணைகிறது. சாயங்காலம் லைட் மங்கலாக எரியும் நேரத்தில் அதிகம். கரண்ட் போய் இன்வெர்ட்டர் எடுக்கும் நொடியிலும் அணைகிறது, இது முன்பெல்லாம் நடந்ததில்லை. பிரிண்டர், கம்ப்யூட்டர், மானிட்டர், மோடம் எல்லாம் ஒரே ஸ்பைக் பஸ்டரில்தான்.

இன்னொன்று. கேபினெட்டின் பின்பக்கம் வெறுங்காலோடு தொட்டால் விர்ரென்று லேசாக ஷாக் அடிக்கிறது. ரொம்ப நாளாகவே இருப்பதால் பழகிவிட்டது.

மின்கம்பம்:

அக்கா என்று கூப்பிடலாமா தெரியவில்லை, உங்கள் பழைய பதிவுகளைப் பார்த்துச் சொல்கிறேன். அந்தக் கடைசி வரியைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். பழகிவிட்டது என்று விடும் விஷயமே இல்லை அது. நான் வயரிங் வேலை செய்கிறவன், இதை மட்டும் விரிவாகச் சொல்லிவிடுகிறேன்.

கேபினெட்டுக்குள் ஈபி கரண்ட்டை வாங்கி கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் பெட்டிதான் எஸ்எம்பிஎஸ். அதற்குள் கரண்ட் நுழையும் இடத்தில் இரைச்சலை வடிகட்ட இரண்டு சின்னக் கெப்பாசிட்டர்கள் இருக்கும். ஒன்று ஃபேஸிலிருந்து பாடிக்கு, அதாவது கேபினெட்டின் உலோகத்துக்கு, இன்னொன்று நியூட்ரலிலிருந்து பாடிக்கு. எர்த் ஒழுங்காக இருந்தால் அதில் கசியும் துளிக் கரண்ட் தரைக்குப் போய்விடும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. எர்த் இல்லையென்றால் கேபினெட் அந்தரத்தில் நிற்கும், 230 வோல்ட்டில் பாதி, அதாவது 115 வோல்ட் பக்கம் அதில் தொங்கும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் விர்ரென்பதோடு நிற்கிறது. ஆனால் உள்ளே ஏதாவது ஒரு வயரோ பாகமோ கெட்டு ஃபேஸ் நேராகப் பாடியில் பட்டால், தடுக்க எதுவும் இல்லை. பிரிண்டர் கேபிள், மானிட்டர் கேபிள் வழியாக அந்த வோல்டேஜ் மற்ற கருவிகளுக்கும் போகும். யுஎஸ்பி போர்ட் அடிக்கடி போவதற்கும் இது ஒரு காரணம்.

எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு பிளக் பாயின்ட்டில் மல்டிமீட்டர் வைக்கச் சொல்லுங்கள். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் 230 பக்கம், ஃபேஸுக்கும் எர்த்துக்கும் ஏறத்தாழ அதே அளவு, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். பழைய கட்டடங்களில் மூன்று ஓட்டை பிளக் இருக்கும், மேல் ஓட்டைக்கு வயரே வந்திருக்காது. வந்திருந்தாலும் கோடையில் எர்த் குழி காய்ந்து கிடக்கும்.

பிரிண்டர் விஷயம். லேசர் பிரிண்டரில் டோனரைத் தாளில் உருக்கி ஒட்ட ஒரு ஹீட்டர் இருக்கிறது. அது சூடாகும் சில நொடிகளில் இஸ்திரிப் பெட்டி அளவுக்குக் கரண்ட் இழுக்கும். ஏற்கெனவே லோ வோல்டேஜ், மெலிந்த வயர், தளர்ந்த பிளக் என்று இருந்தால் அந்த நொடியில் வோல்டேஜ் இன்னும் விழும், பக்கத்தில் இருக்கும் கம்ப்யூட்டர் படுத்துவிடும். லேசர் பிரிண்டரையும் ஜெராக்ஸ் மெஷினையும் இன்வெர்ட்டரிலோ யுபிஎஸ்ஸிலோ போடவே கூடாது. நேராக ஈபி லைனில், 16 ஆம்பியர் பாயின்ட்டில் தனியாகப் போடுங்கள்.

பழைய பென்டியம்:

மின்கம்பம் தம்பி எழுதியதை அப்படியே செய்யுங்கள். எர்த் சரியாகும் வரை கேபினெட்டைத் திறக்க வேண்டாம்.

தேதி 2016 என்றால் பாதிக் கதை தெரிந்துவிட்டது. மதர்போர்டில் நாணயம் போல வட்டமான செல் ஒன்று இருக்கும், சிஆர்2032 என்று மேலேயே எழுதியிருக்கும், 3 வோல்ட். கரண்ட் இல்லாதபோது கடிகாரத்தை ஓட வைப்பது அதுதான். பிளக்கில் கரண்ட் இருக்கும் வரை எஸ்எம்பிஎஸ் கொடுக்கும் ஸ்டாண்ட்பை கரண்டிலேயே கடிகாரம் ஓடிவிடும், செல் தீர்ந்திருப்பது வெளியே தெரியாது. நீங்கள் தினமும் மெயினை அணைப்பதால் உங்களுக்குத் தெரிகிறது. மெயினை அணைப்பது நல்ல பழக்கம், விட வேண்டாம். செல்லை மாற்றினால் போதும், ஐம்பது ரூபாய்க்குள் வாட்ச் கடையிலேயே கிடைக்கும்.

தளங்கள் திறக்காததற்கும் இதுவே காரணம். ஒவ்வொரு தளமும் தன் அடையாளச் சான்றிதழை பிரௌசரிடம் காட்டும், அதற்கு ‘இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை செல்லும்’ என்று கெடு உண்டு. உங்கள் கம்ப்யூட்டர் 2016ல் இருந்தால் இன்றைய சான்றிதழ் எல்லாம் அதற்கு இன்னும் பிறக்காத சான்றிதழ். போனில் தேதி சரியாக இருப்பதால் திறக்கிறது.

செல்லை மாற்றிய பிறகு பயாஸுக்குள் போய்த் தேதியைச் சரிசெய்துவிட்டு, ஹார்ட் டிஸ்க்கோடு போர்டு எப்படிப் பேச வேண்டும் என்று சொல்லும் ‘சாட்டா மோடு’ என்ன என்று ஒரு கண் பாருங்கள். செல் தீரும்போது எல்லா அமைப்பும் பழைய நிலைக்குத் திரும்பும். சில போர்டுகளில் அந்த மோடு மாறி, விண்டோஸ் ‘பூட் டிவைஸ் கிடைக்கவில்லை’ என்று நீலத் திரை காட்டும். அங்கேயும் பலர் ஃபார்மட் செய்துவிடுகிறார்கள். பயாஸில் ஒரே ஒரு வரியை மாற்றினால் முடிந்துபோகும் வேலை அது.

நீளமான பீப் திரும்பத் திரும்ப வந்தால் பெரும்பாலும் ரேம். பீப் கணக்கு ஒவ்வொரு பயாஸுக்கும் மாறும், உங்கள் போர்டின் மேனுவலோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைச் சில நொடி அழுத்தி மிச்சக் கரண்ட்டை வடித்துவிட்டு, இரண்டு ரேமையும் கழற்றுங்கள். தங்க நிறப் பல் பகுதியை அழிரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளை ஊதித் தள்ளிவிட்டு, ஒன்றை மட்டும் போட்டு ஆன் செய்யுங்கள். பிறகு மற்றதை மட்டும். இரண்டு பக்கக் கொக்கியும் ‘டக்’ என்று விழும் வரை அழுத்த வேண்டும். பாதி உட்கார்ந்த ரேம்தான் பாதிப் பேருக்குப் பிரச்சினை.

நாகைக்காற்று:

ஐயாவின் பேச்சில் எனக்கு ஒரே ஒரு மாற்றுக் கருத்து. அழிரப்பர் வேண்டாம். அந்தப் பல்லில் இருப்பது மிக மெல்லிய தங்கப் பூச்சு. தேய்க்கத் தேய்க்க அது போகும், போன இடத்தில் செம்பு கறுக்கும். ரப்பர் துகள் ஸ்லாட்டுக்குள் விழுந்தால் எடுக்கவும் முடியாது. எங்கள் பக்கம் உப்புக் காற்று, வருஷா வருஷம் இந்த வேலை வரும். மருந்துக்கடையிலோ எலக்ட்ரானிக்ஸ் கடையிலோ கிடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை நூல் பிரியாத துணியில் நனைத்துத் துடைத்தால் போதும். கறுப்பாக அழுக்கு வரும். காய்ந்த பிறகு மாட்டலாம்.

பழைய பென்டியம்:

நீங்கள் சொல்வதை மறுக்கவில்லை. ஆல்கஹால் கைவசம் இருந்தால் அதுதான் மேல். இல்லாத ஊரில் வெள்ளை அழிரப்பரால் ஒருமுறை லேசாகத் தேய்ப்பதில் பெரிய சேதம் வந்து நான் பார்த்ததில்லை. உப்புத்தாள், பிளேடு இரண்டையும் மட்டும் கிட்டே கொண்டுபோகக் கூடாது, அதையும் செய்கிறவர்கள் இருக்கிறார்கள்.

மூன்றாமாண்டு:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எனக்கும் ‘நோ சிக்னல்’தான், ஆனால் பீப் எதுவும் இல்லை. புதிதாக கிராஃபிக்ஸ் கார்டு வாங்கிப் போட்டேன். விண்டோஸ் ஓப்பன் ஆகும் சத்தம் கூட ஸ்பீக்கரில் கேட்கிறது.

பின்னிரவு:

தம்பி, மானிட்டர் கேபிள் எங்கே குத்தியிருக்கிறது என்று பார். கார்டு போட்ட பிறகு மதர்போர்டின் எச்டிஎம்ஐயில் விட்டிருந்தால் படம் வராமல் போகலாம், கீழே கார்டில் இருக்கும் போர்ட்டில் மாட்டு. கார்டுக்குத் தனி பவர் கேபிள் உண்டென்றால் அதையும் பார். அப்படியும் வரவில்லையென்றால் தனி இழையாகப் போடு, இங்கே கலந்தால் அக்காவின் விஷயம் தொலைந்துவிடும்.

மூன்றாமாண்டு:

வந்துவிட்டது அண்ணா! மதர்போர்டில்தான் இருந்தது.

கீழவீதி:

அக்கா என்றே கூப்பிடலாம், தவறில்லை.

எலக்ட்ரீஷியன் வந்து பார்த்தார். கம்ப்யூட்டர் பாயின்ட்டில் எர்த் வயர் போர்டுக்குள்ளேயே இணைக்காமல் மடித்து விட்டிருக்கிறது. கட்டடம் கட்டியபோதே அப்படித்தான் போலிருக்கிறது. இணைத்தார். குழியிலும் தண்ணீர் ஊற்றி நனைத்தோம். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இப்போது 2 வோல்ட்டுக்குக் கீழே. ஷாக் சுத்தமாக நின்றுவிட்டது. பிரிண்டருக்கும் ஜெராக்ஸ் மெஷினுக்கும் தனி லைன் இழுத்தாகிவிட்டது.

செல் மாற்றினேன், தேதி நிற்கிறது. ரேம் இரண்டையும் துடைத்து மாட்டினேன். மானிட்டர் காலையில் முதல் தடவையிலேயே வருகிறது, பீப் இல்லை. கேபினெட்டைத் திறந்தபோது பின்பக்கம் மூடி இல்லாத ஸ்லாட் வழியாகப் பல்லி போய் முட்டையிட்டிருந்தது தெரிந்தது. பிராசஸர் ஃபேனில் தூசி கம்பளி மாதிரி படிந்திருந்தது. ஃபேனைக் கையால் பிடித்துக்கொண்டு பிளோயர் அடித்தேன், ஸ்லாட்டுக்கு மூடி வாங்கிப் போட்டுவிட்டேன்.

பிரிண்ட் கொடுக்கும்போது அணைவதும் நின்றுவிட்டது. ஆனால் கரண்ட் போய் இன்வெர்ட்டர் எடுக்கும்போது இன்னும் ரீஸ்டார்ட் ஆகிறது. லைட்டும் ஃபேனும் கண் சிமிட்டுவது கூடத் தெரியவில்லை, கம்ப்யூட்டர் மட்டும் ஏன்?

மின்கம்பம்:

இன்வெர்ட்டரின் பின்னாலோ முன்னாலோ ‘யுபிஎஸ் / நார்மல்’ என்று ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். சிலவற்றில் ‘ஈகோ’ என்றிருக்கும். நார்மலில் ஈபியிலிருந்து பேட்டரிக்கு மாற அதிக நேரம் எடுக்கும், 30, 40 மில்லிசெகண்ட் வரை போகலாம். லைட், ஃபேனுக்கு அது ஒன்றுமே இல்லை. யுபிஎஸ் மோடில் அது ஏறத்தாழ 10 மில்லிசெகண்டுக்கு இறங்கும்.

யுபிஎஸ் மோடில் வேறொரு மாற்றமும் உண்டு. நார்மலில் ஈபி வோல்டேஜ் நன்றாகவே இறங்கினாலும் பேட்டரிக்குத் தாவாமல் சமாளிக்கும். யுபிஎஸ் மோடில் 180 பக்கம் இறங்கினாலே பேட்டரிக்குப் போய்விடும். உங்கள் பக்கம் சாயங்கால லோ வோல்டேஜ் என்றால் பேட்டரி அடிக்கடி உழைக்கும், தண்ணீர் அளவை ஒழுங்காகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பழைய பென்டியம்:

இதன் மறுபாதி எஸ்எம்பிஎஸ்ஸில் இருக்கிறது. உள்ளே பெரிய கெப்பாசிட்டர் ஒன்று 325 வோல்ட் டிசி வரை தேக்கி வைத்திருக்கும். வெளியே கரண்ட் நின்றாலும் அந்தத் தேக்கத்தை வைத்து மெஷினைச் சற்று நேரம் தாங்கும். டெஸ்க்டாப் எஸ்எம்பிஎஸ்களுக்கான ஏடிஎக்ஸ் தர விதிப்படி முழு லோடில் குறைந்தது 16 மில்லிசெகண்ட் தாங்க வேண்டும். நம் 50 ஹெர்ட்ஸ் கரண்ட்டில் ஒரு அலை 20 மில்லிசெகண்ட், அதாவது ஒரு அலை முழுதாகத் தவறினாலே ஆபத்து.

‘முன்பெல்லாம் நடந்ததில்லை’ என்று எழுதியிருந்தீர்கள். அதுதான் முக்கியமான துப்பு. உங்கள் கடையில் கிட்டத்தட்ட முழு லோடில் மெஷின் ஓடுவதே இல்லை. அதனால் புது எஸ்எம்பிஎஸ்ஸாக இருந்தபோது 16க்கு மேலும் தாங்கியிருக்கும், இன்வெர்ட்டர் எந்த மோடில் இருந்தாலும் சமாளித்திருக்கும். வருஷக்கணக்கில் வெயிலிலும் தூசியிலும் கெப்பாசிட்டர் காய்ந்து கொள்ளளவு குறையும். இப்போது தாங்கும் நேரம் சுருங்கிவிட்டது. கம்ப்யூட்டர் ஓடும், வீடியோ பார்க்கலாம், எல்லாம் நன்றாகத்தான் தெரியும். ஒரு சின்ன இடைவெளி வந்தால் மட்டும் விழும்.

அந்த எலக்ட்ரீஷியனிடம் மல்டிமீட்டர் இருக்கிறதல்லவா? மெஷின் ஓடும்போது, சும்மா தொங்கும் நான்கு முனை பவர் கேபிளில் கறுப்புக்கும் மஞ்சளுக்கும், கறுப்புக்கும் சிவப்புக்கும் அளக்கச் சொல்லுங்கள். மஞ்சள் 12 வோல்ட், அனுமதி 11.4 முதல் 12.6 வரை. சிவப்பு 5 வோல்ட், 4.75 முதல் 5.25 வரை. மீட்டர் முனை இரண்டையும் ஒன்றோடொன்று தொட விடக் கூடாது. எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் யாரும் திறக்கவே வேண்டாம், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்தக் கெப்பாசிட்டரில் உயிரை வாங்கும் அளவு சார்ஜ் நிற்கும்.

பின்னிரவு:

அக்கா, அளப்பதற்கு முன் ஒரு வேலை. இத்தனை நாள் இப்படிப் பட்டென்று அணைந்திருக்கிறது, ஹார்ட் டிஸ்க் என்ன நிலையில் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் ‘கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ’ மென்பொருள் இலவசம், நிறுவினால் போதும். 05, சி5, சி6, சி7 என்ற நான்கு வரிகளின் கடைசிக் கட்டத்தை எழுதுங்கள். அந்த எண் பதினாறின் அடிப்படையில் காட்டும், எழுத்து கலந்து வந்தால் குழம்ப வேண்டாம்.

பார்ப்பதற்கும் முன், வாடிக்கையாளர் ஸ்கேன், கணக்கு எல்லாவற்றையும் வெளி டிஸ்க்கில் காப்பி எடுத்துவிடுங்கள். டிஸ்க்கைச் சோதிக்கும் விண்டோஸின் ‘செக் டிஸ்க்’ மட்டும் இப்போது ஓட்ட வேண்டாம். பலவீனமான டிஸ்க்கை அது மணிக்கணக்கில் உழைக்க வைக்கும், காப்பி இல்லாத நிலையில் செய்யக் கூடாத வேலை.

கீழவீதி:

காப்பி எடுத்துவிட்டேன். 05 பூஜ்யம், சி5 இல் 8, சி6 பூஜ்யம், சி7 பூஜ்யம். மேலே மஞ்சளில் ‘எச்சரிக்கை’ என்று காட்டுகிறது.

வோல்டேஜ்: சிவப்பு 4.92. மஞ்சள் சும்மா இருக்கும்போது 11.5, ஸ்கேனரும் பிரௌசரும் சேர்ந்து ஓடும்போது 11.3.

இன்வெர்ட்டரில் நீங்கள் சொன்ன சுவிட்ச் பின்னால் இருந்தது, நார்மலில்தான் இருந்தது. யுபிஎஸ்ஸுக்கு மாற்றினேன். இப்போது எல்லாத் தடவையும் ரீஸ்டார்ட் ஆவதில்லை, சில தடவை தாங்குகிறது, சில தடவை விழுகிறது.

பழைய பென்டியம்:

11.3 என்றால் எஸ்எம்பிஎஸ் எல்லையைத் தாண்டிவிட்டது. 10 மில்லிசெகண்ட் இடைவெளியையே சில தடவை தாங்கவில்லை என்பதும் அதையே சொல்கிறது. மாற்றிவிடுங்கள். மதர்போர்டுக்கு எந்தக் குறையும் எனக்குத் தெரியவில்லை.

வாங்கும்போது ஒரு வேண்டுகோள். பெட்டியில் ‘450 வாட்ஸ்’ என்று பெரிதாகப் போட்டு, தூக்கினால் இறகு மாதிரி இருக்கும் மலிவு எஸ்எம்பிஎஸ் வேண்டாம். பக்கத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் 12 வோல்ட் வரிசையில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத உங்கள் மெஷினுக்கு நல்ல கம்பெனியின் 400 வாட் தாராளம். மின்சாரத்தை அதிகம் வீணாக்காது என்பதற்கான 80 பிளஸ் முத்திரை இருக்கட்டும். பில்லும் வாரண்டியும் கேட்டு வாங்குங்கள்.

மின்கம்பம்:

ஐயா சொன்னதோடு ஒன்று. நல்ல எஸ்எம்பிஎஸ் பலவற்றில் கரண்ட்டைச் சீராக இழுக்கும் ஆக்டிவ் பிஎஃப்சி என்ற சுற்று இருக்கும். அவற்றுள் சில, கட்டம் கட்டமான அலை தரும் ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் பேட்டரிக்கு மாறும்போது அடம்பிடிக்கும். அக்கா, உங்களுடையது ஈபி கரண்ட் போலச் சீரான அலை தரும் சைன் வேவ்தானா? பெட்டியில் எழுதியிருக்கும். பேட்டரியில் ஓடும்போது ஃபேன் ‘ம்ம்ம்’ என்று இரைந்தால் ஸ்கொயர் வேவ்.

பின்னிரவு:

சி5 பற்றி. டிஸ்க்கில் டேட்டாவை எழுதும் சின்னச் சின்னப் பகுதிகள்தான் செக்டர்கள், அவற்றுள் படிக்க முடியாமல் காத்திருப்பவற்றின் எண்ணிக்கை அது. டிஸ்க் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் பாதி எழுதிய செக்டர் இப்படி நிற்பதுண்டு. மறுபடி அதன்மேல் எழுதும்போது சரியாகிப் பூஜ்யத்துக்குத் திரும்பினால் பரவாயில்லை. கெட்டுப்போய் மாற்று இடத்துக்கு மாற்றப்பட்ட செக்டர்களின் எண்ணிக்கையான 05 ஏற ஆரம்பித்தாலோ சி5 கூடிக்கொண்டே போனாலோ டிஸ்க் போகிறது என்று அர்த்தம். வாரம் ஒருமுறை பார்த்து எழுதி வையுங்கள். சி7 பூஜ்யமாக இருப்பதால் டேட்டா கேபிளில் கோளாறு இல்லை.

எஸ்எம்பிஎஸ் மாற்றும் கையோடு விண்டோஸுக்கு ஒரு 256 ஜிபி எஸ்எஸ்டி, அதாவது சுழலும் பாகம் இல்லாத வேகமான டிஸ்க், போட்டுவிடுங்கள் என்பேன். பழைய டிஸ்க்கை விண்ணப்பக் கோப்புகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம், வெளிக் காப்பியும் இருக்கட்டும். வேகத்தில் ஆள் மாறியது போல இருக்கும், ஐ3 ஆறாம் தலைமுறைக்கு இன்னும் நல்ல தெம்பு உண்டு.

திண்ணை (நெறியாளர்):

‘என் கம்ப்யூட்டரும் ஸ்லோ’ என்று இதன் கீழே வந்த பதிவுகளைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். இந்த இழையை மேலே குத்தி வைக்கிறேன். எலக்ட்ரானிக்ஸ் அறிமுகம் இல்லாதவர்கள் மல்டிமீட்டர் பகுதியை மட்டும் பக்கத்தில் தெரிந்தவரை வைத்துக்கொண்டு செய்யவும்.

அரசமரம்:

அந்த மெஷின் விண்டோஸ் 10 தானே? அதற்கான பொதுவான பாதுகாப்பு அப்டேட்டுகளை 2025 அக்டோபர் 14 அன்றே நிறுத்திவிட்டார்கள். ஆறாம் தலைமுறை ஐ3 விண்டோஸ் 11க்கு அதிகாரபூர்வமாகத் தகுதி பெறாது, எட்டாம் தலைமுறையிலிருந்துதான். மக்களின் ஆதார், வங்கி விவரம் தட்டும் கடை என்பதால் சொல்கிறேன்.

பின்னிரவு:

உண்மை. நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட்டில் பதிவு செய்தால் 2026 அக்டோபர் வரை ஓட்டலாம், விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே பதிவு செய்யும் வழி வரும். அதற்குப் பிறகு விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் பக்கம் வருவதானால் பிரிண்டருக்கும் ஸ்கேனருக்கும் டிரைவர் இருக்கிறதா என்று முதலில் பென் டிரைவில் போட்டு ஓட்டிப் பாருங்கள். டிஜிட்டல் கையொப்ப டோக்கன் பயன்படுத்துகிறீர்கள் என்றால் அதையும் சேர்த்துச் சோதியுங்கள். கடைக்கு அதுதான் முட்டுக்கட்டையாக வரும்.

கீழவீதி:

எஸ்எம்பிஎஸ் மாற்றியாகிவிட்டது, 80 பிளஸ் முத்திரையோடு பில் போட்டு வாங்கினேன். மஞ்சள் வயரில் இப்போது 12.1, எல்லாம் ஓடும்போதும் 12.0க்குக் கீழே இறங்கவில்லை. இன்வெர்ட்டர் சைன் வேவ்தான். கடை மெயினை வேண்டுமென்றே அணைத்து அணைத்துப் பார்த்தோம், கம்ப்யூட்டர் அசையவில்லை. நேற்று மதியம் இங்கே நிஜமாகவே கரண்ட் போனது, ஒரு அம்மாவுக்கு வருமானச் சான்றிதழ் விண்ணப்பம் பாதியில் இருந்தது. நிற்காமல் முடித்துக் கொடுத்தேன்.

சி5 பூஜ்யத்துக்குத் திரும்பிவிட்டது, 05 இன்னும் பூஜ்யம். எஸ்எஸ்டி அடுத்த மாதம்.

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. ஒரே ஒரு சந்தேகம் மிச்சம். கம்ப்யூட்டருக்கு மட்டும் ஒரு சின்ன யுபிஎஸ் வாங்கி இன்வெர்ட்டர் லைனிலேயே போடலாமா, அல்லது தேவையில்லையா?

மின்கம்பம்:

இப்போது தேவையில்லை அக்கா. சைன் வேவ், யுபிஎஸ் மோடு, நல்ல எஸ்எம்பிஎஸ் மூன்றும் இருக்கிறது. இன்வெர்ட்டர் பேட்டரியை என்றைக்காவது கழற்றிச் சரிபார்க்கக் கொடுத்தால் அந்தச் சில நாளுக்கு மட்டும் 600 விஏ யுபிஎஸ் ஒன்று கைகொடுக்கும். வாங்கினால் கம்ப்யூட்டரும் மானிட்டரும் மோடமும் மட்டும் அதில், பிரிண்டர் எப்போதும் தனி லைனில். உள்ளே இருக்கும் 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரிக்கு ஆயுள் இரண்டு மூன்று வருஷம்தான், மாற்றும் தேதியை யுபிஎஸ் மேலேயே மார்க்கரால் எழுதி வையுங்கள்.